பெங்குயின் படம்: எந்த லென்ஸ், என்ன செட்டிங், எங்கே நிற்பது

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் வாரம் அர்ஜென்டினாவின் தென்முனைத் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து 10 நாள் கப்பலில் அண்டார்டிக் தீபகற்பம் போகிறீர்கள். கையில் இருப்பது ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, ஒரு 24-105 மி.மீ. லென்ஸ். 150-600 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா, டிரைபாட் வேண்டுமா, பனியில் வெள்ளை வெளிறிப்போகாமல் இருக்க என்ன செட்டிங், குளிரைக் கேமரா தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடிப் பதில்கள் முதலில். 150-600 வேண்டாம், 100-400 எடுங்கள். டிரைபாட் வீட்டிலேயே இருக்கட்டும். குளிர் அவ்வளவாகத் தொல்லை தராது, ஈரமும் உப்புத் தண்ணீரும்தான் தரும். வெள்ளை விஷயம் ஒருமுறை பிடிபட்டால் சுலபம். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் படத்தின் தலையெழுத்தையே முடிவு செய்கிறது: கரையில் இறங்கியதும் எங்கே போய் நிற்பது.

அங்கே வளர்ந்த பெங்குயினை நிலத்தில் வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லை. அதன் எதிரிகளான சிறுத்தை சீலும் ஓர்காவும் கடலில்தான். எனவே மனிதரைப் பார்த்தால் ஓடாது. அது பாட்டுக்கு நடந்து வரும். காட்டுயிர்ப் படத்தில் மற்ற இடங்களில் நம்மைப் படுத்தும் ‘நெருங்குவது எப்படி’ என்ற சிக்கலே இங்கு இல்லை. கப்பலில் வரும் அத்தனை பேரும், செல்ஃபோன் வைத்திருப்பவர் உட்பட, பெங்குயினைப் பெரிதாகப் படமெடுத்துவிடுவார்கள். அதனால்தான் முக்கால்வாசிப் படங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன: நின்ற உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தது, பின்னால் எச்சம் கலந்த சேறு, ஓரத்தில் யாரோ ஒருவருடைய சிவப்பு ஜாக்கெட். இதிலிருந்து தப்பிக்க நீளமான லென்ஸ் உதவாது.

விதிகளைத் தெரிந்துகொண்டால் சாமான் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். சுற்றுலாக் கப்பல்களின் கூட்டமைப்பான ஐயாட்டோ 1991-ல் தொடங்கியது. அதன் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே முடியாது. பெங்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வழிவிட வேண்டியது எப்போதும் நாம்தான். ஃபர் சீல் இருந்தால் 15 மீட்டர். பொழுதுபோக்கு டிரோனுக்கு இடமில்லை, அதைப் பெட்டியில் வைப்பதே வீண் சுமை.

இதோடு பறவைக் காய்ச்சல் விதியும் சேர்ந்திருக்கிறது. எச்5என்1 வைரஸ் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிக் தீபகற்பத்திலும் உறுதியானது. அதற்குப் பிறகு, பறவைகளும் எச்சமும் இருக்கும் இடத்தில் உட்காருவது, முட்டி போடுவது, படுப்பது, பையைத் தரையில் வைப்பது எல்லாவற்றுக்கும் தடை. தரையில் உங்கள் பூட்ஸ் மட்டும்தான் படலாம். பழைய கட்டுரைகளில் ‘பனியில் குப்புறப் படுத்து எடுங்கள்’ என்று வரும் அறிவுரையை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். டிரைபாடைச் சில கப்பல்களில் அனுமதிப்பார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் கால்களைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். கிடைக்கிற நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது. பகல் வெளிச்சத்தில் 1/500 நொடி ஷட்டர் வேகத்துக்கு மேல் எடுக்கும்போது அதற்கு வேலையும் இல்லை.

இனி லென்ஸ் கணக்கு. ஜென்டூ பெங்குயின் சுமார் 75 செ.மீ. உயரம், சின்ஸ்ட்ராப், அடேலி இரண்டும் ஏறக்குறைய 70. ஃபுல் ஃபிரேமில் 5 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் ஃபிரேமுக்குள் 90 செ.மீ. உயரம் அடங்கும். அதாவது ஒரு ஜென்டூ தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கச்சிதமாக உட்காரும். படுக்கைவாட்டில் பிடித்தால் 120 மி.மீ. போதும். 400-ல் தலையும் மார்பும் மட்டும் வரும். 600-ஐ நீட்டினால் அலகும் கண்ணும்தான். அதற்காக 2 கிலோ லென்ஸை லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு வழுக்கும் பாறையில் ஏறுவது நல்ல பேரம் இல்லை. இதைவிட முக்கியமான காரணம், 150-ல் தொடங்கும் லென்ஸால் பறவையோடு பனிமலையையும் சேர்த்து எடுக்கும் படங்கள் கைநழுவிப்போகும். பெங்குயின் ஒன்று உங்களை நோக்கி நடந்து வரும்போது ஜூமைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டும். 100-400 அதைத் தரும்.

முடிந்தால் இன்னொரு கேமரா பாடியும் வாடகைக்கு எடுங்கள், பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. ஸோடியாக் ரப்பர் படகிலோ பனித்தூறலிலோ லென்ஸ் மாற்றினால் உப்புத் துளியும் பனித் துகளும் சென்சாரில் போய் உட்காரும். இரண்டு பாடி, இரண்டு லென்ஸ், மாற்றும் பேச்சே இல்லை. ஒரே பாடிதான் என்றால் கரைக்கு 100-400-ஐ மாட்டிக்கொண்டு போய், அகலக் காட்சிகளுக்குச் செல்ஃபோனை நம்புங்கள்.

இப்போது நிற்கும் இடம். கரையில் ஒரு தடவைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். டிரேக் கடலைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போனால் மிச்சம் ஐந்து நாள் சொச்சம். காற்றும் பனிக்கட்டியும் சில இறக்கங்களைத் தின்றுவிடும். மொத்தத்தில் காலடி படும் நேரம் 8 முதல் 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்குமிங்கும் ஓடினால் இந்த நேரம் கரைந்துவிடும். இறங்கியதும் முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பெங்குயின்கள் எந்த வழியாகக் கடலுக்கும் கூட்டுக்கும் போய் வருகின்றன, வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னணியில் ஆட்கள் இல்லாத திசை எது.

பனியில் அவை போய்ப் போய்த் தேய்ந்த தடம் தெளிவாகத் தெரியும். ஆழமான வாய்க்கால் மாதிரி, கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்ற எச்சத்தால் இளஞ்சிவப்புக் கறையோடு மேலே ஏறும். ‘பெங்குயின் நெடுஞ்சாலை’ என்பார்கள். அதற்குள் கால் வைக்கக் கூடாது, குறுக்கே நிற்கவும் கூடாது. தடம் வளையும் இடத்துக்கு வெளிப்புறமாக, 7–8 மீட்டர் தள்ளி, சரிவில் தடத்தைவிடக் கீழான மட்டத்தில் நில்லுங்கள். வளைவில் வரும் பறவை சில அடிகள் உங்களைப் பார்த்தபடி நடந்து பிறகு பக்கவாட்டில் திரும்பும். முகமும் பக்கத்தோற்றமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். நீங்கள் கீழே நிற்பதால், நிமிர்ந்து நின்றபடியே பறவையின் கண் மட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். படுக்கத் தடை வந்த பிறகு கண் மட்டத்தைப் பிடிக்க இதைவிடச் சுத்தமான வழி இல்லை. பின்னணியாக வருவது தூரத்துச் சரிவோ வானமோ. சேறு காணாமல் போகும்.

சரிவு இல்லாத இடத்தில், பூட்ஸ் மட்டும் தரையில் படும்படி குந்துவதற்குப் பெரும்பாலான வழிகாட்டிகள் மறுப்பு சொல்வதில்லை. நம்மவர்களுக்குக் குந்துவது பழக்கம்தான் என்றாலும், மூன்று அடுக்குக் கால்சட்டையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு குந்துவது தனி வித்தை. கப்பலிலேயே பழகிக்கொள்ளுங்கள். தடுமாறிக் கையை ஊன்றினால் கையுறையையும் கழுவ வேண்டிவரும். இன்னொரு வழி, லென்ஸ் காலரை (டிரைபாடில் பொருத்தும் வளையம்) திருப்பி அதன் கால் மேல்பக்கம் வரும்படி வைத்து, அதைக் கைப்பிடியாகப் பிடித்துக் கேமராவை முழங்காலுக்குக் கீழே தொங்கவிடுவது. திரையை மேல்நோக்கிச் சாய்த்துப் பார்த்து எடுக்கலாம். கேமரா தரையைத் தொடக் கூடாது, ஸ்டிராப்பும்தான். தொங்கும் ஸ்டிராப் எச்சத்தில் புரண்டுவிட்டு உங்கள் கழுத்துக்கே திரும்பி வரும்.

பனியில் நடக்கும்போது கால் முழங்கால் வரை புதைந்தால், காலை வெளியே எடுத்ததும் அந்தக் குழியை மூடிவிட்டு நகருங்கள். பெங்குயின் அதில் விழுந்தால் ஏறி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். குவர்வில் தீவிலும் டான்கோ தீவிலும் ஜென்டூக்கள். நெடுஞ்சாலைப் படங்களுக்கு டான்கோ சரிவு மிகப் பொருத்தம். நெக்கோ துறைமுகத்தில் கூட்டத்துக்குப் பின்னால் பனியாறு நிற்கும், 100 மி.மீ. வாக்கில் பறவையைச் சின்னதாக வைத்து எடுங்கள். அங்கே பனியாறு உடைந்து விழுந்தால் பெரிய அலை கரையேறும், எனவே தண்ணீர் ஓரத்தில் நிற்க விடமாட்டார்கள். ஹாஃப் மூன் தீவில் சின்ஸ்ட்ராப்கள் பாறை முகட்டில் கூடு வைக்கும், பின்னால் லிவிங்ஸ்டன் தீவின் மலைகள் தெரியும். பிரவுன் பிளஃபில் அடேலிகள். பின்னால் செம்பழுப்பு எரிமலைப் பாறை என்பதால் வெள்ளை வெளிறும் பயம் குறைவு, கறுப்பு முதுகும் பாறையிலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும். கூடுகளுக்கு நடுவில் ஒன்றைக் குறிவைப்பதைவிட, கூட்டத்தின் ஓரத்தில் சற்று உயரமான கல்லில் இருக்கும் கூட்டைத் தேர்ந்தெடுங்கள். பின்னணி சுத்தமாக இருக்கும்.

எக்ஸ்போஷர். கேமராவின் ஒளி அளவி தான் பார்ப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்கப் பனி என்றால் படம் இருண்டுபோகும், அதைச் சரிக்கட்ட எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +1.7 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். அதே பெங்குயின் கிட்டே வந்து கறுப்பு முதுகைக் காட்டித் திரும்பினால், அளவி இப்போது கறுப்பைச் சாம்பலாக்க வெளிச்சத்தை ஏற்றும், வயிற்று வெள்ளை சிதைந்துவிடும். அப்போது −0.7 தேவைப்படும். பறவை திரும்பும் ஒவ்வொரு தடவையும் டயலைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மேனுவல், அதாவது அளவை நீங்களே நிறுத்திவைக்கும் முறை. வெயில் நேராக விழும் பனியை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளப்பது) அளந்து +2-ல் வையுங்கள், அல்லது ஸீப்ரா கோடுகள் (வெளிறப்போகும் இடத்தைத் திரையில் காட்டும் வரிகள்) மிகப் பிரகாசமான பனியில் லேசாகத் தலைகாட்டும் வரை ஏற்றி, ஒரு படி இறக்குங்கள். வெளிச்சம் மாறாதவரை அந்த அளவு எல்லாப் பறவைக்கும் பொருந்தும், அது முதுகைக் காட்டினாலும் வயிற்றைக் காட்டினாலும். மேகம் நகரும் நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கவும்.

தொடங்குவதற்கு எண்கள் வேண்டுமென்றால்: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/8, 1/2000. வெளிச்சமான மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ 800, எஃப்/8, 1/640. இங்கிருந்து ஹிஸ்டோகிராமை (இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வலது பக்க மேடு சுவரைத் தொடாமல் அதன் அருகில் நிற்க வேண்டும். திரையில் படம் அழகாகத் தெரிகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. பனி வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும்போது எந்தத் திரையும் இருட்டாகத்தான் தெரியும், அதை நம்பி ஏற்றினால் வெள்ளை போய்விடும். ஜேபெக்கில் போன வெள்ளை திரும்பாது, ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) கொஞ்சம் மீளும். கறுப்பில் அடைந்துபோன விவரத்தை ராவில் தாராளமாக மீட்கலாம். எனவே சந்தேகம் வந்தால் வெள்ளையைக் காப்பாற்றுங்கள்.

வெயில் இல்லையே என்று வருந்த வேண்டாம். லேசான மேகமூட்டம்தான் கறுப்பு வெள்ளைப் பறவைக்கு உகந்த வெளிச்சம். கீழே உள்ள பனி அதைத் திருப்பியடித்துத் தாடைக்கும் கண்ணுக்கும் ஒளி கொடுக்கும். அடேலிக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருப்பதால் கண் எப்போதும் தெரியும். ஜென்டூவின் இருண்ட கண் கறுப்புத் தலைக்குள் புதைந்துவிடும். வானத்தின் ஒரு புள்ளி கண்ணில் மின்னும் கோணத்துக்குத் தலை திரும்பும் வரை காத்திருந்து அழுத்துங்கள். அந்தப் புள்ளி இல்லாத படம் பொம்மை மாதிரிதான் இருக்கும்.

நிறச் சரிக்கட்டலான ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் பனிக்கட்டியின் நீலத்தைக் குற்றம் என்று நினைத்துச் சாம்பலாக்கும். நிழலில் உள்ள பனி நீலமாக வருவது இயல்பு. பிறகு திருத்தும்போதும் முழுக்க வெளுக்க வைக்காதீர்கள். போலரைசர் ஃபில்டர் இங்கே வேண்டாம். ஒளியைத் தின்னும், 24 மி.மீ.-யில் வானத்தில் திட்டு போடும்.

ஃபோகஸுக்குப் பறவைக் கண் கண்டறிதலை இயக்கி வையுங்கள், ஆனால் கண்மூடி நம்பாதீர்கள். ஜென்டூவின் தலையில் உள்ள வெள்ளைத் திட்டிலும் சின்ஸ்ட்ராப்பின் தாடைக் கோட்டிலும் அது அடிக்கடி போய் ஒட்டிக்கொள்ளும். 5 மீட்டரில் 300 மி.மீ., எஃப்/5.6 என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 9 செ.மீ. சுமார். திட்டில் ஃபோகஸ் விழுந்தால் அலகு நுனி மங்கும். ஒற்றைப் பறவைக்கு எஃப்/8, ஜோடியோ தாயும் குஞ்சுமோ என்றால் எஃப்/11 வரை போங்கள். பனி பெய்தால் கேமரா முன்னால் விழும் துகளைப் பிடிக்கும். சிறிய ஃபோகஸ் புள்ளிக்கு மாறி, டிராக்கிங் உணர்திறனைக் குறைத்துவிட்டால் பறவையை விடாது. துகள்கள் கோடாக வேண்டுமா 1/100 வாக்கில், புள்ளியாக வேண்டுமா 1/500-க்கு மேல்.

ஜனவரி முதல் வாரம் குஞ்சுகள் பொரிந்து வரும் நேரம், நல்ல தேர்வு. ஜென்டூவுக்கு வழக்கமாக இரண்டு முட்டை, அடைகாப்பு சுமார் 35 நாள். பனி தாமதமாக உருகிய இடங்களில் இன்னும் முட்டையோடு உட்கார்ந்திருக்கும், மற்ற இடங்களில் சாம்பல் நிறக் குஞ்சு வயிற்று மடிப்புக்கடியில் இருந்து தலையை நீட்டும். குஞ்சு மூன்று நான்கு வாரம் ஆகும்வரை தாயும் தந்தையும் முறைவைத்துக் காவல் இருக்கும். படத்துக்கு வேண்டிய தருணம் அந்தக் காவல் மாற்றம்தான். கடலிலிருந்து வந்த பறவையை அடையாளம் காண்பது எளிது, வயிறு பளிச்சென்று வெள்ளையாக, ஈரமாக இருக்கும். கூட்டில் இருந்தது சேறாக இருக்கும். வந்தது கூட்டருகே நின்று தலையைத் தாழ்த்திக் குனியும், இரண்டும் மாறி மாறி வணங்கி, பிறகு கழுத்தை மேலே நீட்டிக் கழுதை கத்துவது போல முழங்கும். கழுத்து மேலே போகும்போது ஃபிரேமுக்கு வெளியே அலகு வெட்டுப்படும். குனிவதைப் பார்த்ததுமே ஜூமை ஒரு கால் பங்கு பின்னால் இழுத்து, கேமராவைச் செங்குத்தாக்குங்கள். கூட்டில் இருந்தது எழுந்து விலகும் அந்தச் சில நொடிகளில்தான் குஞ்சுகள் முழுசாக வெளியே தெரியும். ஊட்டல் பெரும்பாலும் அதைத் தொடர்ந்து நடக்கும். குஞ்சு தன் தலையைப் பெரிய அலகுக்குள் நுழைக்கும்போது பக்கவாட்டில் நின்றால்தான் படம் புரியும், நேர் எதிரே நின்றால் ஒரு கறுப்புத் தலை மட்டும்.

கல் திருட்டுக்குத் தனிப் பொறுமை வேண்டும். கூடு முழுக்கக் கூழாங்கல். பக்கத்து வீட்டுக்காரர் அசந்த நேரம் ஒன்று வந்து அலகால் கல்லைக் கவ்விக்கொண்டு நடையைக் கட்டும். திருடியதைத் துரத்தாதீர்கள். அது திரும்பத் திரும்ப அதே வழியில்தான் தன் கூட்டுக்குப் போகும், அந்த வழியில் ஓர் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள்.

உங்களால் தொந்தரவு என்பதற்கான அறிகுறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டையை விட்டு எழுவது, இரு கண்ணாலும் மாறி மாறி உங்களைப் பார்க்கத் தலையைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்புவது, அலகை உங்கள் பக்கம் நீட்டிச் சீறுவது. பறவை எழுந்த அந்தச் சில நொடி மேலே சுற்றும் ஸ்குவா என்ற கொள்ளைப் பறவைக்குப் போதும், முட்டை போய்விடும். 5 மீட்டர் என்பது குறைந்தபட்சம்; பறவை பதறினால் 10 ஆனாலும் பின்னால் போக வேண்டியதுதான். அதுவே உங்களை நோக்கி நடந்து வந்தால் அசையாமல் நின்றால் போதும். அப்போது 24-105 கைகொடுக்கும்.

நீரில் துள்ளும் பெங்குயின் படத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜென்டூ நீருக்கடியில் மணிக்கு 36 கி.மீ. வேகம் வரை போகும். துள்ளி வெளியே வருவது ஒரு நொடிக்கும் குறைவு. துள்ளியதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் படத்தில் நுரைதான் இருக்கும். கூட்டம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் துள்ளும். முதல் இரண்டு துள்ளலை விட்டுவிட்டு, அவற்றின் கோட்டை நீட்டி அடுத்து எங்கே வரும் என்று கணித்து அங்கே லென்ஸை வையுங்கள். 400 வரை நீட்டாமல் 200–250-ல் அகலமாக வைத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 1/2500, எஃப்/8, ஐஎஸ்ஓ ஆட்டோ, அகன்ற ஃபோகஸ் பகுதி. பட்டனை முழுக்க அழுத்தும் முன்பே ஃபிரேம்களைச் சேமித்து வைக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், இதற்காகத்தான் அது இருக்கிறது. கப்பலின் முன்தளத்திலிருந்து எடுத்தால் கோணம் மேலிருந்து வரும், ஸோடியாக்கிலிருந்து எடுத்தால் நீர்மட்டத்துக்கு நெருக்கமாகக் கிடைக்கும்.

ஸோடியாக் சுற்றுலாவை ‘கரையில் இறங்க முடியாத நாளுக்கான ஆறுதல் பரிசு’ என்று பலர் அலட்சியம் செய்வார்கள். மிதக்கும் பனிக்கட்டியில் நிற்கும் பெங்குயினைக் கண் மட்டத்தில், நீல நிறப் பின்னணியோடு எடுக்க அதைவிட நல்ல மேடை கிடையாது. படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எழுந்து நிற்க ஓட்டுநரிடம் கேட்க வேண்டும், முழங்கையை யார் மீதும் படாமல் உடலோடு ஒட்டி வைக்க வேண்டும். முழங்கையைப் படகின் ரப்பர் குழாயில் ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு நேராகக் கேமராவுக்கு ஏறும். 1/1000-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

குளிர் விஷயம். ஜனவரியில் தீபகற்பக் கரையில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கேமரா அதைத் தாங்கும். பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும். மூன்று வையுங்கள், சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில். இறங்கிப்போன பேட்டரி சூடானதும் கொஞ்சம் உயிர் பெறும். உபரி லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும்.

தொல்லை எங்கே வரும் என்றால், குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குத் திரும்பும்போது. காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் முத்து முத்தாகப் படியும், உள்ளேயும் படியும். வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத ஸிப் பையில் போட்டு மூடுங்கள். அறையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் திறக்கவே வேண்டாம். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்துவிட்டுப் போகும். மதியம் இன்னொரு இறக்கம் இருந்தால் கேமராவை உள்ளே கொண்டுவராமல் குளிர்ந்த இடத்திலேயே, பால்கனியில் உலர் பைக்குள், விட்டுவிடுவது இன்னும் நல்லது.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. சூடான அறையிலிருந்து எடுத்த லென்ஸோடு உடனே படமெடுத்தால், லென்ஸ் ஹூடுக்குள் சூடான காற்று அலையடித்துப் படங்கள் எல்லாம் மெத்தென்று வரும். ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துக் கேமராவைத் திட்டுவார்கள். இறங்குவதற்கு 30 நிமிடம் முன்பே லென்ஸைக் குளிர வையுங்கள். வெயில் நாளில் கரும்பாறைக்கு மேலே தூரத்துப் பறவையை எடுத்தாலும் இதே மங்கல் வரும். அதற்கு லென்ஸ் மருந்தில்லை, கிட்டே இருக்கும் பறவையை எடுப்பதுதான் வழி.

படகில் கேமரா 20–30 லிட்டர் உலர் பைக்குள் இருக்க வேண்டும், சாதாரண மழையுறை போதாது. லென்ஸில் விழும் பனியை வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அப்படியே கண்ணாடியில் படியும். ரப்பர் ஊதுகுழல் வையுங்கள். மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, தனித்தனிப் பையில். உப்புத் தெறித்த கேமராவை இரவில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கவும். கையுறை இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லியது, வெளியே விரல் மூடியைத் திறக்கக்கூடியது.

முதல் இறக்கத்துக்கு முன் கப்பலில் உயிர்ப்பாதுகாப்புச் சோதனை நடக்கும். கேமராப் பையின் மடிப்பு, வெல்க்ரோ, ஸிப் ஓரங்களில் ஒளிந்திருக்கும் புல் விதையை வாக்குவம் வைத்து உறிஞ்சுவார்கள். வீட்டிலேயே சுத்தம் செய்துகொண்டு போனால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

பொன்வெளிச்சம் பற்றியும் ஒன்று. ஜனவரி தொடக்கத்தில் அங்கே சூரியன் நள்ளிரவை ஒட்டித்தான் மறையும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி எழும். இறக்கங்களோ பெரும்பாலும் காலை 9, மதியம் 2–3 மணி வாக்கில். எனவே சாய்ந்த வெளிச்சம் கரையில் கிடைக்காது, கப்பல் தளத்தில் கிடைக்கும். இரவு 10 மணிக்கு மேல் தளத்துக்கு வந்து 100-400-ஐக் கையில் வைத்திருங்கள். பனிக்கட்டி மேல் வரிசையாக நிற்கும் பெங்குயின்களைக் கப்பல் கடந்துபோகும்.

கரையில் ஆட்கள் இல்லாத பின்னணி வேண்டுமென்றால் முதல் படகில் இறங்குங்கள், அல்லது கடைசிப் படகில் திரும்புங்கள். இரண்டுக்கும் முந்தைய நாள் மாலையே வழிகாட்டிகளிடம் சொல்லி வைத்தால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். பயணிகளைக் குழுவாகப் பிரித்து இறக்குவதால் முதல் குழுவின் முறை நாளுக்கு நாள் மாறும். உங்கள் குழு முதலில் இறங்கும் நாளில் கூட்டுப் பகுதிக்கு நேராகப் போங்கள். பிந்தி இறங்கும் நாளில் கூட்டம் கூட்டருகே இருக்கும், நீங்கள் கடற்கரை ஓரம் பறவைகள் நீரிலிருந்து வெளியேறும் இடத்துக்குப் பக்கவாட்டில், 10–15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கடலுக்கும் அவற்றுக்கும் நடுவில் நின்றால் கரையேற வந்த கூட்டம் அப்படியே திரும்பி நீந்திப்போகும். அவ்வளவும் உங்களால் நடந்ததாக இருக்கும், படமும் இருக்காது.

உங்கள் பயணத்தில் தெற்கு ஜார்ஜியா இல்லை என்பதால் கிங் பெங்குயினைப் பற்றி விரிக்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் ஒன்றரை லட்சம் ஜோடி வரை இருக்கும் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் 400-க்கு மேல் நீளமான லென்ஸ் அர்த்தமுள்ளது, கூட்டத்தை அடுக்கடுக்காக நெருக்கிக் காட்ட. எம்பரர் பெங்குயினையும் இந்த வழித்தடத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

மெமரி கார்டு 128 ஜிபி இரண்டு மூன்று, ஒரு சிறிய எஸ்எஸ்டி, மடிக்கணினி. கிளவுடில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம், கப்பல் இணையத்தை அதற்கு நம்ப முடியாது. ஒவ்வொரு இரவும் இரண்டு பிரதி எடுத்த பிறகுதான் கார்டை அழியுங்கள். அன்றைய படங்களில் பத்தை 100 சதவீதம் பெரிதாக்கி, கண்ணும் வயிற்று வெள்ளையும் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். மறுநாள் காலை இறக்கத்துக்குள் ஷட்டரையோ அப்பர்ச்சரையோ திருத்த அதுதான் சமயம்.